டீ, காப்பிக்கு மணச்சரக்கு: லாபமும் உண்டு, பொறுப்பும் உண்டு

மழையும் பனியும் தொடங்கிவிட்டால் மளிகைக் கடைகளில் சுக்கு, மிளகு, ஏலம் கேட்டு வருவோர் அதிகமாகிறார்கள். டீயிலும் காப்பியிலும் இவற்றைச் சேர்த்துக் குடிப்பது இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல. அரபு நாட்டினர் காப்பியில் ஏலம் சேர்க்கிறார்கள். ஏமன் நாட்டில் காப்பிப் பழத்தின் உலர்ந்த தோலை இஞ்சியுடன் கொதிக்க வைத்துக் குடிக்கிறார்கள். காஷ்மீரத்தில் டீக்கு உப்புப் போடுகிறார்கள். நம் பக்கத்தில் சுக்கு மல்லிக் காப்பி தலைமுறை தலைமுறையாக வழங்கி வருகிறது.

இவற்றுக்கு வேண்டிய சரக்கு அத்தனையும் நம் கடையிலேயே இருக்கிறது. ஆனால் வாடிக்கையாளர் பாக்கெட்டில் வரும் பொடியைத்தான் வாங்கிச் செல்கிறார். அந்த வியாபாரத்தை நாமும் செய்யலாம். சரக்கையும் சட்டத்தையும் அறிந்து செய்ய வேண்டும்.

கொள்முதலில் கவனம்

ஏலம்: பெரிய பச்சைக் காய்க்குத்தான் விலை அதிகம். ஆனால் மணம் இருப்பது உள்ளே உள்ள விதையில். பொடிக்குச் சிறிய காயோ, நிறம் சற்று மங்கிய காயோ போதும். உடைத்துப் பார்த்தால் விதை கறுத்துப் பிசுபிசுப்பாக இருக்க வேண்டும்.

சுக்கு: பூச்சி துளைத்ததைத் தள்ளுங்கள். பளீரென்று வெளுத்திருப்பது சுண்ணாம்பு ஏற்றியதாக இருக்கலாம்.

மிளகு: ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். நல்ல மிளகு அடியில் தங்கும். பப்பாளி விதை மிதக்கும். சொத்தை மிளகும் மிதக்கும் என்பதால், மிதப்பதை எடுத்து நசுக்கிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

பட்டை: இலங்கைச் சுருள் பட்டை மெல்லிய பல அடுக்காக இருக்கும், கையால் நொறுக்கலாம். மற்றொரு வகையான காசியா பட்டை தடித்து, ஒரே அடுக்காக, கெட்டியாக இருக்கும். விலையில் வித்தியாசம் அதிகம். எதை விற்கிறோமோ அதன் பெயரைச் சொல்லி விற்பதே நாணயம்.

அளவும் இருப்பும்

சுக்கு மல்லிக் காப்பிக்கு வீடுகளில் வழங்கும் அளவு ஒன்று: மல்லி 100 கிராம், சுக்கு 50 கிராம், மிளகு 10 கிராம், ஏலம் 5 கிராம். மல்லியை இளவறுப்பாக வறுத்துக்கொள்ள வேண்டும். அரைத்த நாளிலிருந்தே மணம் குறையத் தொடங்கும். எனவே, ஒரு மாதத்துக்கு வேண்டியதை ஒரே நாளில் அரைப்பது நஷ்டம். வாரம் ஒருமுறை, விற்கும் அளவுக்கு மட்டும் அரைத்து, காற்றுப் புகாத டப்பாவில் வெயில் படாமல் வையுங்கள்.

"பொடி போட்டதும் பால் திரிந்துவிட்டது" என்று புகார் வரலாம். பெரும்பாலும் காரணம் பொடி அல்ல. கொதிக்கும் பாலில் கருப்பட்டியோ வெல்லமோ போடுவதுதான். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு இனிப்பைச் சேர்க்கச் சொல்லுங்கள். பச்சை இஞ்சி போடுபவர்கள் முதலில் அதைத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்க வைத்து, பிறகு பால் ஊற்ற வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மொத்த வியாபாரியிடம் வாங்கிய சரக்கை அப்படியே விற்கும்போது, அவர் தரும் பில்லே தரத்துக்கான உத்தரவாதமாகக் கொள்ளப்படும். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 26ஆம் பிரிவில் இது இருக்கிறது. ஆகவே பில் இல்லாமல் சரக்கு எடுக்காதீர்கள். எடுத்த பில்லைத் தொலைக்காதீர்கள்.

நாமே அரைத்து, கலந்து, பாக்கெட் போட்டு ஒட்டினால் நிலைமை மாறுகிறது. அப்போது நாம் வெறும் கடைக்காரர் அல்ல, தயாரிப்பாளர். மாதிரி எடுத்துத் தவறினால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் நாம்தான். அதற்கு ஏற்ற உரிமம் அல்லது பதிவு வேண்டும். உறையில் சேர்மானங்கள், நிகர எடை, விலை, தயாரித்த தேதி, காலாவதித் தேதி, தொகுதி எண், நம் முகவரி, உரிம எண், சைவக் குறி ஆகியவை இருக்க வேண்டும்.

காப்பித் தூளில் சிக்கரி கலந்தால் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. விகிதத்தையும் அச்சிட வேண்டும். "சளி தீரும், சர்க்கரை குறையும்" என்றெல்லாம் எழுதவே வேண்டாம். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு.

சிறு கடைக்கு ஏற்ற வழி

இத்தனை ஏற்பாடும் இயலாது என்கிற சிறு கடைக்காரர்களுக்கு ஓர் எளிய வழி உண்டு. சரக்கை அரைக்காமல், கலக்காமல், வாடிக்கையாளர் கண்ணெதிரே தனித்தனியாக எடை போட்டுக் கொடுங்கள். கூடவே செய்முறையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். வீட்டில் அரைத்தால் மணமும் கூடும். சரக்கின் தரத்தை அவரே பார்த்து வாங்குவதால் சந்தேகமும் எழாது. அடுத்த மாதமும் அவர் நம் கடைக்கே வருவார்.