சதை துடிச்சா ஏஎல்எஸ்-ஆ? பயமும் கணக்கும்

இன்னைக்கு எபிசோட் ஒரு சொந்தக் கதையில ஆரம்பிக்குது.

போன வருஷம் ஒரு ரிலீஸ் சமயம். மூணு வாரமா சரியான தூக்கம் இல்ல, ஒரு நாளைக்கு ஆறு காபி. ஒரு ராத்திரி படுத்திருக்கும்போது இடது கெண்டைக்கால் சதை தானாத் துடிக்க ஆரம்பிச்சுது. தோலுக்கு அடியில புழு நெளியிற மாதிரி. நம்ம ஊர்ல கண்ணு துடிச்சா சகுனம் பார்ப்பாங்க. நான் கால் துடிச்சதுக்குக் கூகுள் பார்த்தேன். பத்தே நிமிஷத்துல ஏஎல்எஸ்ங்கிற பேர்ல வந்து நின்னேன்.

ஏஎல்எஸ்னா என்ன? தசைகளுக்குக் கட்டளை அனுப்பும் நரம்பு செல்கள், மூளையிலும் தண்டுவடத்திலும் படிப்படியாக அழியும் நோய். 1963-ல, 21 வயசுல ஸ்டீஃபன் ஹாக்கிங்குக்கு வந்திருக்குன்னு சொன்னது இதுதான். அவர் 76 வயசு வரைக்கும் இருந்தது ரொம்ப அபூர்வம். குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்ல. அதனால பயந்தவங்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

அடுத்த ரெண்டு மாசம் நான் பண்ணின வேலை: காலையில எழுந்ததும் குதிகால்ல நடந்து பார்க்கிறது, டேப் வச்சு ரெண்டு காலையும் அளக்கிறது. ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் வந்த அன்னைக்கு ஆபீஸே போகல. பலருக்கும் ரெண்டு காலும் ஒரே அளவு இருக்காதுங்கிறதே எனக்கு அப்போ தெரியாது. அம்மா போன்ல "சாப்டியாப்பா"ன்னு கேட்டா, பதில் சொல்லும்போது நாக்கு குழறுதான்னு என் குரலையே கேட்டுட்டு இருப்பேன். அவங்ககிட்ட எதையும் சொல்லல.

கடைசியில ஒரு நரம்பியல் டாக்டர்கிட்ட போனேன். துடிப்பைப் பத்தி நான் அரைமணி நேரம் பேசத் தயாரா போயிருந்தேன். அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு: "முன்னாடி செஞ்ச எதையாவது இப்போ செய்ய முடியாமப் போச்சா?"

இதுதான் விஷயம். ஏஎல்எஸ்ல முக்கியம் பலவீனம். சட்டை பட்டன் போட முடியாது, நடக்கும்போது பாதம் தொங்கித் தடுக்கும், பேச்சு குழறும், சதை கரையும். அதுவும் இன்னைக்கு வந்து நாளைக்குப் போகாது. மாசத்துக்கு மாசம் கூடும். வெறும் துடிப்பு அப்படி இல்ல. காபி, தூக்கமின்மை, கடுமையான உடற்பயிற்சி, பதற்றம், சில மருந்துகள், தைராய்டு கோளாறுன்னு பல காரணத்தால வரும். நம்ம பாஷையில சொன்னா, அலர்ட் அடிக்குது, ஆனா சர்வர் நல்லாத்தான் ஓடுது.

கணக்கையும் பார்ப்போம். மேலை நாடுகள்ல ஏஎல்எஸ் புதுசா வர்றது வருஷத்துக்கு லட்சத்துல சுமார் 2 பேருக்கு. பெரும்பாலும் 50 வயசுக்கு மேல. சதை துடிக்கிறது ஏறக்குறைய எல்லாருக்கும் எப்பவாவது நடக்கிறது. 1993-ல மேயோ கிளினிக் டாக்டர்கள், இப்படித் துடிப்பு மட்டும் இருந்த 121 பேரோட நிலையை 2 முதல் 32 வருஷம் கழிச்சுப் பார்த்து எழுதினாங்க. ஒருத்தருக்கும் ஏஎல்எஸ் வரல.

அப்புறம் ஏன் எனக்கு உடம்பு முழுக்கத் துடிச்சுது? பயந்தா அட்ரினலின் ஏறும், நரம்பு இன்னும் சுலபமாத் தூண்டப்படும், துடிப்பு கூடும். கூடவே நம்ம கவனமும் அங்கேயே இருக்கும். முன்னாடி கண்டுக்காம விட்டதெல்லாம் இப்போ கணக்குல வரும். திரும்பத் திரும்ப சோதிச்சா தசை களைச்சுப் போகும். அந்தக் களைப்பையே பலவீனம்னு நினைப்போம்.

இதைக் கேட்டுட்டு யாரும் டாக்டர்கிட்ட போகாம இருந்துடாதீங்க. நான் மேல சொன்ன பலவீனம், குழறல், சதை கரையிறது, விழுங்கக் கஷ்டம் இதுல எது இருந்தாலும் தள்ளிப்போடாம போங்க. துடிப்பு மட்டும்தான், ஆனா மனசு கேட்கலையா? ஒரு தடவை போய்க் காட்டுங்க. தேவைன்னா ஈஎம்ஜி சோதனை எடுப்பாங்க. அவங்க சரின்னு சொன்னா, அளக்கிற டேப்பை எடுத்து உள்ள வச்சிடுங்க. எனக்கு டாக்டர்கிட்ட போறதைவிட இதுதான் கஷ்டமா இருந்துச்சு.

கால் இப்பவும் எப்பவாவது துடிக்கும். போன மாசம் அம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். "எனக்குக்கூடத் துடிக்குமேப்பா"ன்னாங்க.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.