காந்தியை சுட்ட துப்பாக்கி யாருடையது? இத்தாலியில் இருந்து குவாலியர் வந்த கதை!

மதுரை:
தமுக்கம் அருகே உள்ள காந்தி மியூசியத்துக்கு போனவர்களுக்கு ரத்தக்கறை படிந்த அந்த துணியை மறக்க முடியாது. 1948 ஜனவரி 30-ந்தேதி மாலை டெல்லி பிர்லா மாளிகையில் 3 குண்டுகள் பாய்ந்தபோது காந்தி உடுத்தியிருந்தது. துணி மதுரைக்கு வந்துவிட்டது. சுட்ட துப்பாக்கி எங்கிருந்து வந்தது?

அது இத்தாலியின் பெரெட்டா கம்பெனி தயாரிப்பு. 1934 மாடல், 7 குண்டு போடலாம். நம்பர் 606824. இத்தாலி ராணுவ அதிகாரிகள் இடுப்பில் வைத்திருந்த ரகம்.

இந்த மாடல் துப்பாக்கிகளில் ஒரு வசதி உண்டு. மேல் பாகத்தில் கம்பெனி பெயரோடு தயாரித்த வருஷமும் வெட்டியிருப்பார்கள். கூடவே ரோமன் எண் ஒன்று இருக்கும். அது முசோலினி ஆட்சிக்கு வந்த 1922-ல் இருந்து எண்ணிய வருஷக் கணக்கு. சர்வாதிகாரிக்கு காலண்டரே தனி! ராணுவத்துக்கு போனதில் 'ஆர்.இ.', கடற்படைக்கு 'ஆர்.எம்.', போலீசுக்கு 'பி.எஸ்.' என்று முத்திரை குத்துவார்கள். ஆக, எந்த படைக்கு போனது என்பது வரை இரும்பே சொல்லிவிடும். யார் கையில் இருந்தது என்று மட்டும் சொல்லாது.

அதற்கு ஆள்தான் சொல்லணும். அங்கேதான் சிக்கல்.

1941-ல் அபிசீனியா, எரித்ரியா பகுதியில் இத்தாலி படைகள் தோற்று சரணடைந்தன. அவர்களை எதிர்த்து நின்றதில் நம்ம இந்திய வீரர்களும் ஏராளம். அப்படி சரணடைந்த இத்தாலி அதிகாரியிடம் இருந்து குவாலியர் சமஸ்தான ராணுவ அதிகாரி ஒருவர் இதை எடுத்து வந்தார் என்பதுதான் பல புத்தகங்களில் வரும் கதை. கைதியிடம் பறித்ததை கணக்கில் காட்டாமல் பையில் போட்டுக்கொள்வது எல்லா நாட்டு ராணுவத்திலும் நடந்ததுதான். கணக்கில் ஏறாத துப்பாக்கி எத்தனை கை மாறினாலும் எழுத்தில் தடயம் இருக்காது.

செங்கோட்டையில் நடந்த வழக்கில் போலீஸ் தரப்பு, கோட்சேயும் ஆப்தேவும் ஜனவரி 27-ந்தேதி இரவு குவாலியர் போய், டாக்டர் பார்சூரே என்பவர் உதவியோடு துப்பாக்கி வாங்கினார்கள் என்றது. கோட்சே மறுத்தார். டெல்லி அகதிகள் முகாமில் ஆயுதம் விற்ற ஒருவரிடம்தான் வாங்கினேன் என்றார். உதவியவர்களை காப்பாற்றத்தான் அப்படி சொன்னார் என்று நினைக்க இடமிருக்கிறது. தனக்கு தூக்கு நிச்சயம் என்று தெரிந்தவர் அவர்.

1949 பிப்ரவரியில் தீர்ப்பு. பார்சூரேவுக்கு ஆயுள் தண்டனை. அப்பீலில் ஜூன் மாதமே ஐகோர்ட்டு அவரை விடுதலை செய்துவிட்டது. குவாலியரை சேர்ந்த மேலும் 3 பேர் தலைமறைவு குற்றவாளிகளாக வழக்கில் இருந்தனர். விசாரணை முடியும் வரை அவர்கள் கோர்ட் படி ஏறவே இல்லை.