ஒருவர்க்கும் உரித்தல்லாத மொழி

மொழி என்பது ஆற்றைப்போலத் தானே பெருகி வருவது என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். ஆனால் தனிமனிதர் ஒருவர் இருந்து எழுதி ஆக்கிய மொழியும் உலகில் உண்டு. அதன் பெயர் எஸ்பெராண்டோ. ஆக்கியவர் சாமன்ஹோப் என்னும் கண் வைத்தியர்.

அவர் 1859ஆம் ஆண்டில் பியாலிஸ்டொக் என்னும் ஊரிற் பிறந்தார். இன்று போலந்திலுள்ள அவ்வூர் அன்று ருஷியப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. யூதர், போலந்தியர், ருஷியர், ஜெர்மானியர் எனப் பலரும் தத்தம் மொழி பேசி, ஒருவரையொருவர் ஐயுற்று வாழ்ந்தனர். எவருக்கும் தாய்மொழியாகாத ஒரு மொழி இருப்பின் அதனைப் பேசுவோர் அனைவரும் சமமாக நிற்பர் என்று இளமையிலேயே அவர் கருதினார். 1887இல் வார்சோவில் முதல் நூலை வெளியிட்டார். ‘நம்பிக்கையுடையோன்’ எனப் பொருள்படும் அவரது புனைபெயரே பின்னர் மொழியின் பெயராயிற்று.

சொற்களைப் பல மொழிகளிலிருந்து எடுத்தார். தந்தையைக் குறிக்கும் ‘பட்ரோ’ இலத்தீன் வழியது. நாயைக் குறிக்கும் ‘ஹுண்டோ’ ஜெர்மன் வழியது. பறவையாகிய ‘பிர்டோ’ ஆங்கில வழியது. இலக்கணமோ பதினாறே விதிகள். பெயர்ச்சொல் யாவும் ஓகாரத்தில் முடியும்.

சொல்லாக்கமே இம்மொழியின் அழகு. ‘சானா’ என்றால் சுகமுள்ள; ‘மல்சானா’ என்றால் நோயுற்ற; ‘மல்சனூலோ’ நோயாளி; ‘மல்சனுலேயோ’ வைத்தியசாலை. நோய் என்பதோடு ‘ஆளி’ சேர்ப்பதும், வைத்தியம் என்பதோடு ‘சாலை’ சேர்ப்பதும் நமக்குப் புதியனவல்லவே! பாடசாலை அதிபரை ‘லெர்னெயெஸ்ட்ரோ’ என்பர். கற்கும் இடத்தின் தலைவர் என்பது பொருள். கற்பிக்கும் இடம் என்னாது கற்கும் இடம் என்றது எனக்கு மிக உவப்பானது.

எனினும் ஒரு குறை. பாரிஸ் மாணாக்கனுக்கு இச்சொற்களிற் பல முன்பே அறிமுகமானவை; ஸ்கந்தபுரத்து மாணாக்கனுக்கோ ஏறக்குறைய யாவும் புதியவை. சாமன்ஹோப் விரும்பிய சமநிலை ஐரோப்பாவுக்குள்ளேயே நின்றுவிட்டது.

அவர் 1917இற் காலமானார். அவருடைய மகனை 1940இலும், மகளிர் இருவரை 1942இலும் நாஜிகள் கொன்றனர். அவர்களைக் கொன்ற பகை மொழியாற் பிறந்ததன்று. ஆயினும் மொழிக்குப் பகையிற் பங்கில்லை என்று நாம் கூறிவிட இயலாது. 1956ஆம் ஆண்டில் சிங்களம் மட்டும் அரசகரும மொழியானதன்பின் விளைந்தவற்றை வன்னியிலுள்ளோர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1987இல் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆங்கிலம் இணைப்பு மொழியாயிற்று. அது நம் இரு சாராரிற் பெரும்பாலோர்க்குத் தாய்மொழியன்று. ஆனால் கொழும்புப் பிள்ளைக்கு இருக்கும் அண்மையில் அது எங்கள் பிள்ளைக்கு இல்லை.

எஸ்பெராண்டோவை எந்த அரசும் தன் ஆட்சிமொழியாகக் கொள்ளவில்லை. எனினும் 1905இற் பிரான்சில் அதன் முதல் உலக மாநாடு கூடிற்று. 1954இல் யுனெஸ்கோ அதன் பயனை ஏற்றுத் தீர்மானித்தது. அம்மொழியாற் பழகி மணம்புரிந்தோரும் உளர். எவருக்கும் தாய்மொழியாகலாகாது என்று ஆக்கப்பட்ட அதனை, அத்தகையோர் இல்லங்களிற் சில குழந்தைகள் இன்று தாய்மொழியாகவே பேசி வளர்கின்றன.