சளி பிடித்தால் இளைப்பு ஏறுவது ஏன்?

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால், பிள்ளைக்கு வீசிங் என்று நடுஇரவில் செங்கல்பட்டுக்கு ஓடும் வீடுகள் நம்மில் உண்டு. மழையில் நனைந்தான், ஐஸ் தின்றான் என்று காரணம் சொல்கிறோம். பெரும்பாலும் காரணம், ஓரிரு நாள் முன்பு தொற்றிய சாதாரண சளிதான். 1995-ல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில், ஆஸ்துமா கூடியபோதெல்லாம் ஐந்தில் நான்கு முறை ஏதோ ஒரு வைரஸ் இருந்தது. அதில் அதிகம் கண்டது சளியை உண்டாக்கும் ரைனோ வைரஸ்.

ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழாய் உள்ளே ஏற்கெனவே சற்று வீங்கியிருக்கும். வைரஸ் மூக்கிலிருந்து கீழே இறங்கியதும் வீக்கம் கூடுகிறது, சளி அடைக்கிறது, குழாயைச் சுற்றிய தசை இறுகுகிறது. மற்றவருக்கு மூக்கொழுகலோடு போவது இவருக்கு இளைப்பாகிறது. வைரஸை ஆன்டிபயாடிக் கொல்லாது. மருந்துக் கடையில் நாமே கேட்டு வாங்குவது வீண்.

ஒரகடத்தில் ஷிப்டு பார்க்கும் இளைஞர்கள் ஒரே அறையில் பலர் தங்குகிறார்கள், மூடிய கம்பெனி பஸ்ஸில் போகிறார்கள். ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் வரும். சளியை முழுதாகத் தவிர்க்க முடியாது என்பதால்தான் டாக்டர் தினமும் எடுக்கச் சொன்ன தடுப்பு இன்ஹேலர் முக்கியம். அது வீக்கத்தை அடக்கி வைக்கிறது. "பழகிவிடும்" என்று பயந்து, பிள்ளை நன்றாக இருக்கும்போது அதை நிறுத்திவிடுகிறோம். அடுத்த சளியில் மாட்டிக்கொள்கிறோம். நீல நிற இன்ஹேலர் அவசரத்துக்கு மட்டுமே, இதற்கு ஈடாகாது. வீட்டில் சளி இருக்கும் நாட்களில் சாம்பிராணிப் புகையையும் நிறுத்துங்கள்.

ரமலானில் இன்ஹேலர் பற்றி ஆலிம்களிடையே இரு கருத்து உண்டு, இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தடுப்பு இன்ஹேலர் பெரும்பாலும் இரண்டு வேளைதான். டாக்டரிடம் கேட்டு ஸஹரிலும் நோன்பு திறந்த பிறகும் எடுக்கலாம். திணறல் வந்தால் நீல இன்ஹேலரைத் தள்ளிப்போடாதீர்கள். நோயாளி நோன்பை விட்டு, பிறகு களாச் செய்யும் சலுகையை அல்பகரா அத்தியாயமே தருகிறது.

நீல இன்ஹேலர் எடுத்தும் அடங்கவில்லை, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை, விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளிழுக்கிறது, உதடு நீலமாகிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும்போது, இன்ஹேலரையும் பழைய சீட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.