மலைநாட்டுக்கு ஒரு ஸ்தானம்

தமிழகச் சட்டசபையின் ஸ்தானங்கள் 234. அவற்றுள் பழங்குடி மக்களுக்கென்று ஒதுக்கப்பட்டவை எத்தனை? இரண்டே இரண்டு! ஒன்று சேந்தமங்கலம், மற்றொன்று ஏற்காடு. 2011ஆம் வருஷத்து ஜனக் கணக்கின்படி ராஜ்யத்துப் பழங்குடியினர் ஏறக்குறைய எட்டு லட்சம் பேர். இவ்வளவு பேருக்கும் சட்டசபையில் உள்ள குரல் இவ்விரண்டுதான் எனில், ஏற்காட்டுப் பிரதிநிதியின் பொறுப்பு மற்ற அங்கத்தினர்களின் பொறுப்பைப் போன்றதன்று என்பது விளங்கும்.

சேர்வராயன் மலையின் மலையாளிகளைக் கேரள தேசத்தார் என்று எண்ணுவோர் இன்னமும் உண்டு. அவர்கள் தமிழ் பேசும் குடிகள். காஞ்சியிலிருந்து மலையேறி வந்ததாகத் தங்கள் பூர்வகதை கூறுபவர்கள். சேலம் கலெக்டர் காக்பர்ன் துரை 1820ஐ அடுத்த வருஷங்களில் இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்து நட்டார். அதன் பின்னர் மலையின் நல்ல நிலங்கள் தோட்டங்களாயின. தங்கள் மலையிலேயே மலையாளிகள் அன்னியர் தோட்டத்தில் கூலிக்குச் செல்லலாயினர்.

இத்தொகுதியின் சரித்திரத்தில் ஸ்ரீ சி. பெருமாள் அவர்களின் பெயர் முக்கியமானது. அண்ணா தி.மு.க. அபேட்சகராக 1989லும் 1991லும் வென்றார். இருபது வருஷம் கழித்து 2011ல் மறுபடியும் ஜனங்கள் அவரையே அனுப்பினர். 2013 ஜூலையில் பதவியில் இருக்கும்போதே அவர் காலமானார். அவ்வருஷம் டிசம்பர் 4ந் தேதி நடந்த உபதேர்தலில் அவருடைய மனைவியார் ஸ்ரீமதி சரோஜா 78,000க்கு மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். மந்திரிகள் கூட்டங்கூட்டமாக முகாமிட்ட தேர்தல் அது. மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகள் அத்தனை கார்களை அதற்கு முன் கண்டிருக்குமா என்பது சந்தேகமே!

ஆயின் ஒன்றை மறைத்துப் பயனில்லை. தொகுதியின் பெயர் ஏற்காடு. வாக்காளர்களில் பெரும்பகுதியோ வாழப்பாடி, அயோத்தியாபட்டணம் முதலிய சமவெளிப் பிரதேசங்களில் உள்ளவர்கள். மலைக்காக ஒதுக்கிய ஸ்தானத்தை நிர்ணயிப்பது மலையன்று. ஆதலால் எந்தக் கட்சி அங்கத்தினராயினும் கீழ்நாட்டின் தேவைகளையே முதலில் கவனிக்க நேரிடுகிறது. இது தனிமனிதர் குற்றமன்று. தொகுதி அமைந்த விதத்தின் குற்றம்.

1952 அக்டோபர் 2ந் தேதி சமூக அபிவிருத்தித் திட்டம் துவங்கிய நாள்முதல், ரஸ்தாவும் கிணறும் பள்ளிக்கூடமுமே கிராம சேவையின் அளவுகோலாகிவிட்டன. இவை வேண்டியவையே. அபிவிருத்தி நிதியைக் கொண்டு அங்கத்தினர் ஒருவர் ரஸ்தா போட்டுவிடலாம்; ரஸ்தாவின் ஓரத்தில் உழுகிறவனுக்குப் பட்டா வாங்கித்தர அந்நிதியால் ஆகுமா?

2006ஆம் வருஷத்து வனவுரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13ந் தேதிக்கு முன்பிருந்தே வனநிலத்தை அனுபவித்துவரும் பழங்குடிக் குடும்பத்திற்கு, அனுபவத்திலுள்ள அளவுக்கு, நான்கு ஹெக்டேர் வரை உரிமை தருகிறது. நம் ராஜ்யத்திலோ கோர்ட்டின் இடைக்கால உத்தரவினால் உரிமைப் பத்திரம் வழங்குவது பல வருஷம் தடைப்பட்டுக் கிடந்தது. 2016ல் சுப்ரீம் கோர்ட்டு தலையிட்ட பின்னரே வழி பிறந்தது. மனுவை முதலில் ஏற்று விசாரிப்பது கிராம சபை. முடிவு செய்யும் ஜில்லாக் கமிட்டியில் சட்டசபை அங்கத்தினருக்கு இடமில்லை. ஆனால் சட்டசபையில் அவருக்கு வாய் உண்டே!

சேர்வராயன் மலையில் எத்தனை மனுக்கள் வந்தன, எத்தனைக்குப் பத்திரம் கொடுக்கப்பட்டது, தள்ளப்பட்டவர்களுக்குக் காரணம் எழுத்து மூலம் தெரிவிக்கப்பட்டதா? இம்மூன்று கேள்விகளையும் ஏற்காட்டு அங்கத்தினர் மானியக் கோரிக்கை விவாதத்தில் எழுப்புவாராயின், சம்பந்தப்பட்ட மந்திரி ஊர் ஊராகக் கணக்கை மேஜைமீது வைக்கும்படி நேரும்.