பலூன் கொட்டகையில் முளைத்த வேகப்பந்து

2011 ஏப்ரல் 2, மும்பை வான்கடே மைதானம். உலகக்கோப்பை இறுதிப் போட்டியில் தமது முதல் ஐந்து ஓவர்களில் ஜாகீர் கான் விட்டுக்கொடுத்தது ஆறே ரன். மூன்று ஓவர் மெய்டன், ஒரு விக்கெட். அன்று இந்திய அணியில் ஆடிய வேகப்பந்து வீச்சாளர்கள் மூன்று பேர். ஜாகீர், மகாராஷ்டிரத்தின் ஸ்ரீராம்பூர்க்காரர். முனாப் படேல், குஜராத்தின் இகர் என்ற கிராமத்தில் பிறந்தவர். ஸ்ரீசாந்த், கேரளம். ஊரும் மொழியும் வேறுவேறான இந்த மூவரும் பந்துவீச்சைச் செதுக்கிக்கொண்ட இடம் ஒன்றுதான்: சென்னை எம்.ஆர்.எஃப் பேஸ் ஃபவுண்டேஷன். அதை நடத்திய பணத்தின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் வடசென்னையில், திருவொற்றியூரில் வந்து நிற்போம்.

1946. திருவொற்றியூரில் ஒரு கொட்டகை. கே.எம்.மாமன் மாப்பிள்ளை அங்கே குழந்தைகள் ஊதி விளையாடும் பலூன் தயாரிக்கத் தொடங்கினார். திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் கோபத்துக்கு ஆளாகி, வங்கியையும் சொத்தையும் இழந்த குடும்பம் அவருடையது. பலூனைத் தெருத்தெருவாகக் கொண்டுபோய் அவரே விற்றார். 1949-இல் தம்புச்செட்டி தெருவில் ஓர் அலுவலகம். 1952-இல் தேய்ந்த டயர்களைப் புதுப்பிக்கும் ட்ரெட் ரப்பர். அறுபதுகளின் தொடக்கத்தில் டயர். மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி என்ற முழுப்பெயரை ஊர் மறந்து, எம்.ஆர்.எஃப் என்ற மூன்றெழுத்து நிலைத்தது. எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு, தீப்பெட்டி ஆலை பெயரையே வைத்துக்கொண்ட விம்கோ நகர் என்று சக்கரமும் நெருப்பும் செய்துகொண்டிருந்த வட்டாரம் அது. கிரிக்கெட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று அன்று யாராவது கேட்டிருந்தால் நியாயமான கேள்விதான்.

எழுபதுகளில் இந்திய அணியின் பலம் சுழற்பந்து. பேடி, பிரசன்னா, சந்திரசேகர், வெங்கட்ராகவன் என நால்வர் இருக்க, புதுப்பந்தின் பளபளப்பைப் போக்க யாராவது சில ஓவர் போட்டால் போதும் என்றிருந்தது. கவாஸ்கரே தொடக்க ஓவர் வீசியிருக்கிறார். பயிற்சி முகாமில் கூடுதலாகச் சப்பாத்தி கேட்ட இளம் கபில் தேவிடம், இந்தியாவில் வேகப்பந்து வீச்சாளரே கிடையாதே என்று அதிகாரி ஒருவர் சிரித்த கதையைக் கபில் பலமுறை சொல்லியிருக்கிறார். 1978-இல் அவர் வந்தார். ஆனால் அவருக்குப் பின்னால் வரிசை இல்லை.

அந்த வரிசையை உண்டாக்கும் வேலையைக் கிரிக்கெட் வாரியம் செய்யவில்லை, டயர் கம்பெனி செய்தது. மாமன் மாப்பிள்ளையின் மகன் ரவி மாமன் 1987-இல் பேஸ் ஃபவுண்டேஷனைத் தொடங்கி, பயிற்சி தர ஆஸ்திரேலியாவின் முன்னாள் வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லியை அழைத்து வந்தார். உடன் நின்றவர் டி.ஏ.சேகர்; இந்தியாவுக்காக இரண்டே டெஸ்ட் ஆடி, விக்கெட் எதுவும் கிடைக்காமல் திரும்பியவர். பந்து பிடித்து எடுக்க முடியாத விக்கெட்டுகளையெல்லாம் ஆள் பிடித்து எடுத்தார் என்று சொல்லலாம். சேத்துப்பட்டு எம்.சி.சி பள்ளி மைதானத்தில் பயிற்சி நடந்தது.

முதல் ஆண்டு தேர்வுக்கு வந்தவர்களில் பதினான்கு வயது சச்சின் டெண்டுல்கரும் உண்டு. பேட்டிங்கைப் பார் என்று லில்லி திருப்பி அனுப்பிவிட்டார். 1996 உலகக்கோப்பையில் ஸ்டிக்கர் இல்லாத வெற்று மட்டையோடு 523 ரன் குவித்த அதே சச்சினின் மட்டையில், அதன் பிறகு எம்.ஆர்.எஃப் எழுத்து ஏறியது. வீச்சாளர்களை வளர்த்த கம்பெனிக்கும் விளம்பரத்துக்கு மட்டைக்காரர்தான் வேண்டியிருந்தது. பாவம், பந்தில் ஸ்டிக்கர் ஒட்ட வழியில்லையே!

லில்லி முதலில் பார்த்தது வேகத்தை அல்ல, முதுகை. பந்தை விடும் நொடியில் முன்காலில் இறங்கும் விசை, உடல் எடையைப் போலப் பல மடங்கு. அப்போது இடுப்பு ஒரு திசையிலும் தோள் வேறு திசையிலும் திரும்பியிருந்தால் அடிமுதுகு எலும்பில் விரிசல் விழும். லில்லியே 1973-இல் அப்படி முதுகில் விரிசல் விழுந்து, மீண்டு வந்தவர். ஆகவே பையன்களைப் படம் பிடித்து, ஓடிவருவதையும் கால் ஊன்றுவதையும் ஒவ்வொன்றாகப் பிரித்துத் திருத்தினார்கள்.

இங்கிருந்து போய் இந்தியாவுக்காக முதலில் ஆடியவர் விவேக் ராஸ்தான். 1989-இல் பாகிஸ்தானில் தமது இரண்டாவது டெஸ்டில் ஐந்து விக்கெட் எடுத்தார். அதுவே அவருடைய கடைசி டெஸ்டும் ஆனது. பிறகு ஸ்ரீநாத் வந்தார், 236 டெஸ்ட் விக்கெட். வெங்கடேஷ் பிரசாத் வந்தார். முனாப் கதை இன்னும் வேறு மாதிரி. டைல்ஸ் ஆலையில் நாளுக்கு 35 ரூபாய் கூலிக்கு வேலை பார்த்தவரை, முன்னாள் இந்திய விக்கெட் கீப்பர் கிரண் மோரே கண்டெடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். 2006-இல் மொஹாலியில் இங்கிலாந்துக்கு எதிராக ஆடிய தமது முதல் டெஸ்டிலேயே ஏழு விக்கெட்.

ஜாகீரின் வாழ்க்கையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பொறியியல் சேரும் தறுவாயில் இருந்த பையனைத் தந்தையே கிரிக்கெட் பக்கம் திருப்பிவிட்டார். மும்பையில் கிளப் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவர் சேகர் கண்ணில் பட்டு, சென்னைக்கு வந்து சேர்ந்தார். 2000-இல் நைரோபியில் ஸ்டீவ் வாவின் ஸ்டம்பை யார்க்கரில் பெயர்த்தபோது நாடு நிமிர்ந்து உட்கார்ந்தது. 2003 உலகக்கோப்பை இறுதிப் போட்டியில் அவருடைய முதல் ஓவரில் பதினைந்து ரன் போனபோது அதே நாடு தலையில் கை வைத்தது. காயம், எடை, தொடர்ந்து அணியிலிருந்து நீக்கம்.

பெரும்பாலானவர்களின் கதை இங்கே முடிந்துவிடும். ஜாகீர் 2006-இல் இங்கிலாந்தின் வொர்ஸ்டர்ஷயர் கவுண்டிக்குப் போய் வாரக்கணக்கில் வீசினார். ஓடிவரும் தூரத்தைக் குறைத்தார், வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பந்தின் மீது பிடியை வாங்கிக்கொண்டார். அந்தப் பருவத்தில் 78 விக்கெட். அடுத்த ஆண்டு நாட்டிங்காமில் ஒன்பது விக்கெட் எடுத்து, இங்கிலாந்து மண்ணில் 21 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியா தொடரை வெல்லக் காரணமானார். 2011 உலகக்கோப்பையில் 21 விக்கெட். பாகிஸ்தானின் அஃப்ரிதியோடு முதலிடம்.

வடசென்னைப் பையன் ஒருவன் இந்த வழியில் போக முடியுமா? அங்கே தெருவுக்குத் தெரு குத்துச்சண்டை, கால்பந்து, கேரம். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக்கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா இந்தப் பகுதிப் பெண்தான். கேரமுக்கு ஒரு பலகையும் கொஞ்சம் வெளிச்சமும் போதும். தோல்பந்து கிரிக்கெட்டுக்கு ஆடுகளம், ஷூ, நல்ல சாப்பாடு, பந்து பிய்ந்தால் வேறு பந்து என்று செலவு ஏறிக்கொண்டே போகும். திறமை குறைவால் அல்ல, இந்தக் கணக்கால்தான் டென்னிஸ் பந்தோடு நின்றுவிடுகிறவர்கள் அதிகம் என்று தோன்றுகிறது. முனாப்பை ஒருவர் கண்டெடுத்துச் சென்னைக்கு அனுப்ப வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

லில்லி 2012-இல் விடைபெற, கிளென் மெக்ராத் அந்த இடத்துக்கு வந்தார். இளம் வயதில் அவரே இங்கு வந்து பயின்றவர்தான். ஜாகீரின் கடைசி டெஸ்ட் 2014 பிப்ரவரியில், வெலிங்டனில். நியூசிலாந்தின் மெக்கல்லம் முச்சதம் அடித்த அந்த இன்னிங்ஸில், முப்பத்தைந்து வயது ஜாகீர் 51 ஓவர் வீசி ஐந்து விக்கெட் எடுத்தார். அடுத்த ஆண்டு அக்டோபரில் ஓய்வு அறிவித்தபோது அவர் கணக்கில் 92 டெஸ்ட், 311 விக்கெட்.