வன்பாறைக் கனியங்கள்: காணி ஒருவருக்கு, கனியம் யாருக்கு?



இலங்கையின் கனிய வளங்கள் என்ற அலகை நீங்கள் படித்து முடித்திருப்பீர்கள். போகலையில் காரீயம், புல்மோட்டையில் இல்மனைற்று, எப்பாவலையில் அபற்றைற்று என்று படத்தில் குறிப்பதில் உங்களிற் பலர் கெட்டிக்காரர்கள். ஆனால் அதே அலகைக் குடியியற் கல்விப் பக்கமாகத் திருப்பி, "அந்தக் கனியம் யாருக்குச் சொந்தம்? அதை யார் தோண்டலாம்?" என்று கேட்டால் பேனை நின்றுவிடுகிறது. வகுப்பில் இக்கேள்வியைக் கொடுத்த ஒவ்வொரு முறையும் அரைவாசிப் பேராவது "காணி யாருடையதோ கனியமும் அவருடையதே" என்று எழுதியிருக்கிறார்கள். இவ்விடை பிழை. ஏன் பிழை என்பதை விளங்கிக்கொண்டால் மற்றவை தாமாகவே விளங்கும்.

முதலில் வன்பாறைக் கனியம் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாக நோக்குவோம். ஆற்று மணலையோ கடற்கரை மணலையோ அள்ளுவது வேறு. கடினமான பாறையைத் துளைத்து, வெடி வைத்து, உடைத்தே எடுக்க வேண்டியவை வன்பாறைக் கனியங்கள் ஆகும். இலங்கையின் நிலப்பரப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு கேம்பிரியனுக்கு முற்பட்ட பழைய உருமாறிய பாறைகளால் ஆனது. வடமேற்கிலும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் மயோசீன் காலச் சுண்ணாம்புக் கல் உண்டு. பழைய பாறைகளின் வெடிப்புகளில் நரம்புபோல ஓடுவதே எமது காரீயம். கேகாலை மாவட்டத்துப் போகல, குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹ ஆகிய இடங்களில் நூற்றுக்கணக்கான மீற்றர் ஆழத்துக்கு இறங்கி அதை எடுக்கிறார்கள். உலகில் நரம்புக் காரீயத்தை வர்த்தக அளவில் அகழும் நாடு என்றால் எமது நாட்டின் பெயரே முதலில் வரும். வீதிக்கும் வீட்டு அத்திவாரத்துக்கும் வேண்டிய கருங்கல்லும் இந்தப் பாறைதான். காரீயம் பெருமைக்குரியது; ஆனால் கிராமத்து மக்களின் அன்றாட வாழ்வைத் தொடுவது பெரும்பாலும் கருங்கல் குவாரியே.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள் மற்றும் கனியங்கள் சட்டம் என்பதை ஆண்டும் இலக்கமும் பிசகாமல் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இச்சட்டத்தின் கீழேயே புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம் அமைக்கப்பட்டது. இதன்படி கனியங்களின் உடைமை குடியரசுக்கே உரியது. மேலே உள்ள மண் எவர் பெயரில் உறுதி முடிந்திருந்தாலும் கீழே உள்ள கனியம் குடியரசினுடையது. உங்கள் அப்பப்பா காலத்து உறுதியில் தென்னை, கிணறு, வேலி எல்லாம் எழுதப்பட்டிருக்கலாம். காணிக்கு அடியிலிருக்கும் காரீயம் அந்த உறுதியில் அடங்காது. அதற்காக அரசு அனுமதி கொடுத்துவிட்டது என்று சொல்லி ஒருவர் உங்கள் வளவுக்குள் இறங்கித் தோண்டவும் முடியாது. காணிக்காரரின் சம்மதம் வேறாகப் பெறப்பட வேண்டும். இரண்டு உரிமைகளையும் பிரித்து எழுதும் மாணவருக்கே முழுப்புள்ளி.

கனியத்தைத் தேடவும், அகழவும், கொண்டு செல்லவும், பதப்படுத்தவும், விற்கவும், ஏற்றுமதி செய்யவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். அனுமதிப்பத்திரமின்றி இவற்றுள் எதைச் செய்தாலும் குற்றமாகும். தேடலாய்வு அனுமதிப்பத்திரத்தையும் அகழ்வு அனுமதிப்பத்திரத்தையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். முதலாவதைப் பெற்றவர் நிலத்தை அளந்து, துளையிட்டு, மாதிரி எடுத்து, என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று அறியலாம். கிடைத்ததை வெட்டி விற்கத் தொடங்க முடியாது. அதற்கு இரண்டாவது வேண்டும். கருங்கல் குவாரி போன்றவற்றுக்குக் கொடுக்கப்படும் கைத்தொழில் அகழ்வு அனுமதிப்பத்திரம் ஏ, பி, சி எனத் தரம் பிரிக்கப்படும். அகழும் அளவு, வெடி வைக்கும் முறை, பயன்படுத்தும் இயந்திரம் என்பவற்றைப் பொறுத்தே தரம் அமையும். ஒரே நேரத்தில் பல துளைகளில் வெடி வைக்கும் பெரிய குவாரியும் ஒரு துளையில் வெடி வைத்துச் சம்மட்டியால் உடைக்கும் சிறிய இடமும் ஒரே தரத்தில் வரமாட்டா. வெடிமருந்து வாங்குவதற்கும் வைத்திருப்பதற்கும் வெடிபொருட் சட்டத்தின்படி வேறு அனுமதி தேவை. இரத்தினக்கல்லுக்குத் தனிச் சட்டமும் (1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கம்) தனி அதிகாரசபையும் உண்டு. எனவே அதை இங்கே கலந்து எழுத வேண்டாம்.

அரச காணி என்றால் என்ன நடக்கும்? எமது நாட்டின் நிலத்தில் ஐந்தில் நான்கு பங்கு அரசுக்குரியது எனக் கணிக்கப்படுவதால் இது முக்கியமான வினா. காணியும் அரசுக்கு, கனியமும் அரசுக்கு, ஆகவே ஒரு கையொப்பத்துடன் வேலை முடிந்துவிடும் என்று நினைப்பீர்கள். உண்மை அப்படியல்ல. அரசு என்பது ஒரு கதிரையில் இருக்கும் ஓர் ஆள் அல்ல. சாதாரண அரச காணிக்குப் பிரதேச செயலாளரிடமும், ஒதுக்கப்பட்ட காட்டுக்கு வனத் திணைக்களத்திடமும், மகாவலிப் பிரதேசத்துக்கு மகாவலி அதிகாரசபையிடமும் போக வேண்டும். தொல்பொருள் இருக்கக்கூடிய இடமெனில் தொல்பொருளியல் திணைக்களம் குறுக்கே நிற்கும். தேசிய பூங்காவுக்குள் இப்பேச்சுக்கே இடமில்லை. இவற்றைவிட, குளம், அணைக்கட்டு, ஓடை, வீதி, புகையிரதப் பாதை, மயானம், பழைய நினைவுச் சின்னம் போன்றவற்றிலிருந்து குறித்த தூரத்துக்குள் அகழ்வுக்கு இடமளிக்கக் கூடாது என்ற ஏற்பாடுகளும் உள்ளன. இத்தனை கதவுகளா என்று சலிக்க வேண்டாம். ஒரு கதவு தவறுதலாகத் திறந்துவிட்டாலும் அடுத்த கதவு தடுக்கும். அதற்காகவே இத்தனை கதவுகள்.

அடுத்த கதவு சுற்றாடற் சட்டம். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம் 1988இல் திருத்தப்பட்டபோது, பெரிய கருத்திட்டங்களுக்கு முன்கூட்டியே அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதி சேர்க்கப்பட்டது. எவை பெரிய கருத்திட்டங்கள் என்பதை 1993ஆம் ஆண்டு வர்த்தமானி குறித்தது. அதில் சுரங்கம் பற்றிய பகுதியைக் கவனியுங்கள். 25 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்துக்குச் செல்லும் உள்நாட்டுச் சுரங்கம், 10 ஹெக்டயருக்கு மேற்பட்ட மேற்பரப்பு அகழ்வு, கடலுக்குள் செய்யப்படும் எல்லா அகழ்வும், குடியிருப்பு அல்லது வர்த்தகப் பகுதியிலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் இயந்திரம் கொண்டு கருங்கல், சுண்ணாம்புக்கல், படிகக்கல் முதலியவற்றை அகழ்தல் ஆகியவை அதில் அடங்கும். இவற்றுக்கு ஆரம்பச் சுற்றாடற் பரிசோதனையோ சுற்றாடல் தாக்க மதிப்பீடோ செய்யப்பட வேண்டும். தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரானதும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் அறிவித்தல் வெளியிட்டு, பொதுமக்கள் 30 நாட்களுக்குள் கருத்துத் தெரிவிக்க இடமளிக்க வேண்டும். தமிழ்மொழி மூலம் படிக்கும் உங்களுக்கு இது வெறும் பரீட்சைக் குறிப்பு அல்ல. பத்திரிகையின் ஒரு மூலையில் சின்ன எழுத்தில் வரும் அந்த அறிவித்தலை வாசிக்கத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருப்பது பெரிய காரியம். பல வீடுகளில் அந்த ஒருவர் நீங்கள்தான்.

இவை எல்லாம் ஒன்றாகச் சோதிக்கப்பட்ட சம்பவம் எப்பாவல. பரீட்சைக்கு ஓர் உதாரணம் மாத்திரம் படிக்க நேரமிருந்தால் இதையே படியுங்கள். அநுராதபுர மாவட்டத்திலுள்ள எப்பாவலையில் அபற்றைற்றுப் படிவு 1971இல் கண்டறியப்பட்டது. அதை அரைத்தால் பொசுபேற்றுப் பசளை கிடைக்கும். மெதுவாகவே கரையும் என்பதால் தேயிலை, தென்னை, இறப்பர் போன்ற நீண்டகாலப் பயிர்களுக்கு அது ஏற்றது. அரசுக்குச் சொந்தமான லங்கா பொஸ்பேற் நிறுவனம் சிறிய அளவில் அகழ்ந்துவந்தது. 1990களில் அமெரிக்க நிறுவனமொன்றுடன் பெரிய அளவிலான அகழ்வுக்கு உடன்படிக்கை செய்துகொள்ள அரசாங்கம் முன்வந்தது. தேடலாய்வுக்கு ஒதுக்கப்பட இருந்த பரப்பு 56 சதுர கிலோமீற்றர். ஏறத்தாழ 2,600 குடும்பங்கள், அதாவது சுமார் 12,000 பேர், இருப்பிடத்தை இழக்க நேரிடும் என்று கூறப்பட்டது. கலாவாவியிலிருந்து அநுராதபுரத்துத் திசாவாவிக்கு நீர் கொண்டு செல்லும் ஜய கங்கை என்ற பழைய கால்வாயின் ஒரு பகுதியும் அந்தப் பரப்புக்குள் வந்தது. மிகச் சிறிய சரிவில் பல மைல் தூரம் நீரை நடத்திச் செல்லும் கால்வாய் அது. பக்கத்தில் குழி தோண்டி நிலமட்டத்தைக் குழப்பினால் என்னவாகும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

அவ்வூரவர் ஏழு பேர் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றனர். நெல், தென்னை, பால்மாடு என்று வாழ்ந்தவர்களும், அங்குள்ள விகாரையின் தலைமைப் பிக்குவும் அவர்களுள் அடங்குவர். உடன்படிக்கை இன்னும் கைச்சாத்திடப்படவில்லை. அப்படியிருக்க எப்படி வழக்குப் போடலாம் என்ற கேள்வி எழுவது இயல்பு. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையை எடுத்துப் பாருங்கள். உரிமை மீறப்பட்ட பின் மாத்திரமன்றி, மீறப்படும் தறுவாயில் இருக்கும்போதும் மனுச் செய்யலாம். இந்தச் சிறிய சொற்றொடரே எப்பாவலை மக்களுக்குக் கைகொடுத்தது. 2000ஆம் ஆண்டு ஜூன் 2ஆந் திகதி நீதியரசர் ஏ.ஆர்.பி. அமரசிங்க வழங்கிய தீர்ப்பில், சமத்துவ உரிமை, சட்டபூர்வமான தொழில் செய்யும் சுதந்திரம், தாம் விரும்பிய இடத்தில் வாழும் சுதந்திரம் ஆகியவை மீறப்படும் ஆபத்து இருப்பதாகக் கூறப்பட்டது.

அத்தீர்ப்பில் இரண்டு விடயங்களை நன்றாகக் கவனியுங்கள். சுற்றாடற் சட்டத்திலுள்ள அங்கீகார முறையை ஒதுக்கிவிட்டு, உடன்படிக்கைக்குள்ளேயே வேறொரு முறையை எழுதிக்கொள்ள முயன்றார்கள். அவ்வாறு ஓர் ஒப்பந்தத்தினால் சட்டத்தைத் தாண்ட முடியாது என நீதிமன்றம் கண்டது. மற்றையது பொது நம்பிக்கைக் கோட்பாடு. நாட்டின் இயற்கை வளத்துக்கு அரசாங்கம் எசமான் அல்ல. மக்களுக்காகவும் வரப்போகும் தலைமுறைக்காகவும் அதைப் பொறுப்பேற்று வைத்திருக்கும் காவலன் மாத்திரமே. மகிந்த தேரர் தேவநம்பியதீச மன்னனுக்குச் சொன்னதாக வரும் பழைய செய்தியையும் நீதியரசர் இதற்கு எடுத்துக்காட்டினார். இப்போது முதற் பந்திக்குத் திரும்பிப் பாருங்கள். "கனியம் குடியரசுக்கு உரியது" என்று சட்டம் சொல்வதை "அரசாங்கம் நினைத்தபடி விற்கலாம்" என்று வாசிக்க முடியாது. படிவின் அளவையும் தரத்தையும் பணியகம் முறையாக ஆராய்ந்து முடிவை வெளியிட்டு, அதன் பின் சட்டப்படி மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அங்கீகாரம் பெறும்வரை உடன்படிக்கை எதுவும் செய்யக் கூடாது என்று கட்டளையிடப்பட்டது.

ஒப்பிட்டு எழுதச் சொன்னால் ஐக்கிய அமெரிக்கா உதவும். அங்கே 1872ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. மேற்கு மாநிலங்களின் கூட்டரசுக் காணியில் பொன், வெள்ளி, செம்பு போன்ற வன்பாறைக் கனியத்தைக் கண்டவர் எல்லைக் கட்டை நாட்டி அவ்விடத்தைத் தமதென உரிமை கோரலாம். ஒரு நரம்புக்கு 1,500 அடி நீளம், 600 அடி அகலம் வரை கோரலாம். எடுக்கும் கனியத்துக்கு மத்திய அரசுக்கு றோயல்டி கட்டத் தேவையில்லை. ஆட்களை மேற்கே குடியேற்ற எழுதிய சட்டம் அது. 1976இலிருந்து உரிமை கோரலைப் பதிவுசெய்வது கட்டாயமாக்கப்பட்டது. பின்னர் சுற்றாடல் விதிகளும் மேலே ஏறின. இலங்கையில் கண்டுபிடித்தவருக்குத் தானாக உடைமை வராது. அகழ்பவர் றோயல்டி என்னும் உரிமைப் பணமும் கட்ட வேண்டும். எந்த முறை நல்லது என்று கேட்டால், எனது விருப்பம் எங்களுடைய சட்டமே. ஏட்டில் உள்ளபடி நடந்தால் என்ற நிபந்தனையுடன் சொல்கிறேன்.

ஏனெனில், எனது மாணவி ஒருத்தியின் வீடு குவாரி ஒன்றுக்கு அருகில் உள்ளது. சுவரில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. மத்தியானம் வெடி வைக்கும்போது கோப்பைகள் குலுங்கும் என்றாள். அந்தக் குவாரிக்கு அனுமதி உண்டா, என்ன தரம், எந்த நேரத்தில் வெடி வைக்கலாம் என்பது அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. இவற்றைப் பிரதேச செயலகத்திலும் பணியகத்தின் பிராந்திய அலுவலகத்திலும் எழுத்து மூலம் கேட்கலாம். அனுமதிப்பத்திரத்தில் நிபந்தனைகள் இருக்கும். அகழ்ந்த நிலத்தைச் சீர்ப்படுத்துவதும் அகழ்ந்தவரின் கடமை. அதற்கெனப் பிணைப்பணமும் வைக்கப்படுகிறது. ஆனாலும் கைவிடப்பட்ட குழிகளில் மழைநீர் நிரம்பிக் கிடப்பதைக் காண்கிறோம். கரை செங்குத்தாகவும் அடி தெரியாமலும் இருக்கும் அவற்றில் குளிக்கப் போகாதீர்கள். பாடத்துக்கு வெளியே என்றாலும் சொல்லிவைக்கிறேன்.

பயிற்சி

1. "கனியத்தின் உடைமையும் காணியின் உடைமையும் ஒன்றல்ல." 1992ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டு விளக்குக. (4 புள்ளி)

2. தேடலாய்வு அனுமதிப்பத்திரத்துக்கும் அகழ்வு அனுமதிப்பத்திரத்துக்கும் இடையிலான வேறுபாடு யாது? (2 புள்ளி)

3. உங்கள் கிராமத்துப் பாடசாலையிலிருந்து 600 மீற்றர் தூரத்திலுள்ள அரச காணியில் இயந்திரக் கருங்கல் குவாரி ஒன்று தொடங்கப்பட இருக்கிறது. விண்ணப்பதாரி அணுக வேண்டிய நிறுவனங்கள் மூன்றைப் பெயரிட்டு, ஒவ்வொன்றும் ஏன் தேவை என எழுதுக. (6 புள்ளி) ஒரு கிலோமீற்றர் விதியைக் குறிப்பிட மறந்தால் இவ்வினாவில் இரண்டு புள்ளி போய்விடும்.

4. எப்பாவலை வழக்கில் உடன்படிக்கை கைச்சாத்திடப்படுவதற்கு முன்னரே மனுச் செய்ய முடிந்தது எவ்வாறு? (3 புள்ளி)